‘இல்லை’ என்பதில் எத்தனை வகை?

இணையத்தில் ஒரு பொருளை வாங்குகிறோம். ஒரு திரைப்படத்தைப் பார்க்கிறோம். ஒரு விண்ணப்பத்தைச் சமர்ப்பிக்கிறோம். எங்கோ தொலைவில் இருக்கும் ஒரு கணினி நம் கோரிக்கையைப் பெற்றுப் பதில் அனுப்புகிறது. அந்தக் கணினியில் நமக்குப் பதில் சொல்லும் நிரல் மட்டும் இயங்குவதில்லை. வெவ்வேறு நிறுவனங்கள் எழுதிய, ஒன்றையொன்று அறியாத பல நிரல்கள் அதில் அருகருகே இயங்குகின்றன. அவற்றுள் ஒன்று தாக்குதலுக்கு உள்ளானால், அடுத்தது பாதிக்கப்படாமல் இருக்க வேண்டும். இந்தத் தேவையை ஒட்டி வளர்ந்த ஏற்பாடுதான் ‘கன்டெய்னர்’.

துறைமுகங்களில் அடுக்கப்பட்டிருக்கும் சரக்குப் பெட்டகங்களிலிருந்து வந்த பெயர் அது. ஆனால், உவமை ஓர் இடத்தில் நின்றுவிடுகிறது. சரக்குப் பெட்டகத்துக்கு நான்கு பக்கமும் இரும்புச் சுவர் உண்டு. மென்பொருள் கன்டெய்னருக்கு அப்படிப்பட்ட சுவர் கிடையாது. ஒரு கணினியில் உள்ள எல்லா கன்டெய்னர்களும் அக்கணினியின் ஒரே ‘கெர்னல்’ எனப்படும் இயங்குதள மையத்தைத்தான் பகிர்ந்துகொள்கின்றன. அந்த மையத்தில் ஒரு துளை இருந்தால், ஒரு கன்டெய்னரிலிருந்து எல்லாவற்றுக்கும் வழி கிடைத்துவிடும்.

அந்தத் துளைகளை எட்டவிடாமல் தடுக்கும் காவல் ஒன்று உண்டு. அந்தக் காவல் உண்மையிலேயே பணியில் இருக்கிறதா என்பதை மென்பொருள் எப்படித் தெரிவிக்கிறது என்பதே இக்கட்டுரையின் பொருள். பொறியாளர்களின் உள்விவகாரம்போலத் தோன்றினாலும், பாதுகாப்பை நம்பி வாழும் எல்லோருக்கும் இதில் பங்கிருக்கிறது என்று கருதுகிறேன்.

ஒரே சாளரம்

ஒரு நிரல் தானாகக் கோப்பைத் திறக்க முடியாது. வலையமைப்பில் தகவல் அனுப்ப முடியாது. நினைவகத்தைக்கூடக் கூடுதலாக எடுத்துக்கொள்ள முடியாது. ஒவ்வொன்றுக்கும் அது கெர்னலிடம் விண்ணப்பிக்க வேண்டும். அந்த விண்ணப்பத்துக்கு ‘சிஸ்டம் கால்’ அல்லது அமைப்பு அழைப்பு என்று பெயர். ஒவ்வோர் அழைப்புக்கும் ஓர் எண் உண்டு. லினக்ஸ் இயங்குதளத்தில் இப்படி 300-க்கும் மேற்பட்ட அழைப்புகள் இருக்கின்றன.

ஒரு வலைத்தளத்தை நடத்தும் நிரலுக்கு இவற்றில் ஒரு பகுதியே தேவை. கணினியின் கடிகாரத்தை மாற்றவோ, கெர்னலுக்குள் புதிய பகுதியை ஏற்றவோ, கணினியை நிறுத்தித் தொடங்கவோ அதற்கு வேலையில்லை. ஆனால், அந்த நிரலைக் கைப்பற்றிய ஒருவருக்கு இவை அனைத்தும் பயன்படும். தேவையில்லாத அழைப்புகளை முன்கூட்டியே அடைத்துவிட்டால் தாக்குபவர் முயன்று பார்க்கக்கூடிய வாசல்கள் குறையும். இந்த வடிகட்டலைச் செய்யும் லினக்ஸ் வசதியின் பெயர் ‘செக்காம்ப்’.

இது பிறந்த கதை சுவையானது. 2005-இல் இத்தாலிய நிரலாளர் ஆந்த்ரேயா ஆர்காஞ்செலி இதை லினக்ஸில் சேர்த்தார். சும்மா கிடக்கும் கணினிகளின் ஆற்றலை வாடகைக்கு விடுவது அவருடைய திட்டம். முகம் தெரியாத ஒருவரின் நிரலை நம் கணினியில் ஓடவிட வேண்டுமானால், அதன் கைகளைக் கட்டித்தானே ஓடவிட வேண்டும்? படிப்பது, எழுதுவது, முடித்துக்கொள்வது, குறுக்கீட்டிலிருந்து திரும்புவது என நான்கே அழைப்புகள் அனுமதிக்கப்பட்டன. ஐந்தாவதாக ஒன்றைக் கேட்டால் நிரல் அந்த இடத்திலேயே கொல்லப்படும்.

நான்கு அழைப்புகளை வைத்துக்கொண்டு பெரிய நிரல்களை நடத்த முடியாது. 2012-இல் வெளிவந்த லினக்ஸ் 3.5 பதிப்பில், கூகுளில் பணிபுரிந்த வில் டிரூரியின் முயற்சியால் இது விரிவடைந்தது. எந்த அழைப்பை அனுமதிப்பது, எதை மறுப்பது என்னும் விதிகளை ஒவ்வொரு நிரலும் தானே எழுதிக் கெர்னலிடம் ஒப்படைக்கலாம் என்றானது. ஒருமுறை ஒப்படைத்த விதிகளைப் பிறகு விலக்கிக்கொள்ள முடியாது. அந்த நிரல் பெற்றெடுக்கும் பிற நிரல்களுக்கும் அவை பொருந்தும். இந்த இரண்டு பண்புகளும்தான் அதை நம்பத்தக்க காவலாக்கின.

மூன்று நிபந்தனைகள்

2013-இல் ‘டாக்கர்’ வெளியாகி, கன்டெய்னர்கள் பரவலாயின. அடுத்த ஆண்டே, கெர்னலுடன் நேரடியாகப் பேசி கன்டெய்னரை உருவாக்கித் தரும் ‘லிப்கன்டெய்னர்’ என்னும் நிரலகம் டாக்கரில் சேர்ந்தது. 2015-இல் அது ‘ரன்-சி’ என்னும் கருவியின் பகுதியாகி, லினக்ஸ் அறக்கட்டளையின் கீழ் தொடங்கப்பட்ட பொதுத் தர அமைப்பிடம் ஒப்படைக்கப்பட்டது. இன்று உலகின் கன்டெய்னர் தளங்கள் பலவற்றின் அடியில் இயங்குவது இதுதான். ஒரு கன்டெய்னர் பிறக்கும் கணத்தில் அதற்கு வடிகட்டியைப் பொருத்துவதும் இதன் பொறுப்பு.

வடிகட்டி பொருந்துவதற்கு மூன்று நிபந்தனைகள் நிறைவேற வேண்டும். முதலாவது, அந்தக் கணினியின் கெர்னல் இந்த வசதியோடு உருவாக்கப்பட்டிருக்க வேண்டும். இரண்டாவது, ரன்-சி நிரலும் இந்த வசதியைச் சேர்த்துத் தொகுக்கப்பட்டிருக்க வேண்டும். விதிகளைக் கெர்னலுக்குப் புரியும் வடிவில் மாற்றித் தரும் இன்னொரு நிரலகத்தை அது சார்ந்திருப்பதால், அதைச் சேர்க்காமலும் தொகுக்க முடியும். மூன்றாவது, கன்டெய்னரைக் கேட்பவர் வடிகட்டும் விதிகளைக் கொடுத்திருக்க வேண்டும்.

இரண்டாவது நிபந்தனை நிறைவேறாதபோது நிரலகம் என்ன செய்கிறது என்பதைப் பார்ப்போம். லிப்கன்டெய்னரின் மூலநிரலில் இதற்கென இரண்டு கோப்புகள் உள்ளன. ஒன்று வசதியோடு தொகுக்கும்போது பயன்படுவது. மற்றொன்று வசதியின்றித் தொகுக்கும்போது பயன்படுவது. இரண்டிலும் செயற்கூறுகளின் பெயர்கள் ஒன்றே. இரண்டாவது கோப்பு மிகச் சிறியது. ‘விதிகள் கொடுக்கப்படவில்லையா? ஒன்றும் செய்யாமல் திரும்பு. விதிகள் கொடுக்கப்பட்டுள்ளனவா? அப்படியானால், விதிகள் தரப்பட்டுள்ளன, ஆனால் இங்கே வசதி இல்லை என்று பிழை காட்டு’ என்பதே அதன் சாரம். பிழை வந்தால் கன்டெய்னர் தொடங்காது.

இந்தச் சில வரிகளை நான் உயர்வாக மதிக்கிறேன். எழுதியவர்கள் விரும்பியிருந்தால், இரண்டு நிலைகளிலும் ஒன்றும் செய்யாமல் திரும்பியிருக்கலாம். கன்டெய்னர் தடையின்றி ஓடியிருக்கும். எந்தப் பயனரும் புகார் சொல்லியிருக்க மாட்டார். காவல் கேட்டவர், காவல் கிடைத்துவிட்டது என்ற நம்பிக்கையிலேயே இருந்திருப்பார். ‘காவல் வேண்டாம் என்றார்கள்’ என்பதும், ‘வேண்டும் என்றார்கள், என்னிடம் இல்லை’ என்பதும் வேறுவேறு. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டிலும் காவல் இல்லை. ஆனால், முதலாவது ஒருவரின் தெரிவு. இரண்டாவது ஒரு வாக்குறுதியின் முறிவு.

எச்சரிக்கை யாருக்கு?

இதே கேள்விக்கு வேறொரு பதிலும் உண்டு. 2016 பிப்ரவரியில் வெளிவந்த டாக்கர் 1.10 பதிப்பு, பயனர் கேட்காமலேயே எல்லா கன்டெய்னர்களுக்கும் ஒரு பொது விதித்தொகுப்பைப் பொருத்தத் தொடங்கியது. அது சுமார் 44 அழைப்புகளை அடைத்தது. கெர்னலில் வடிகட்டும் வசதியே இல்லாவிட்டால்? பயனர் தனக்கென விதிகள் கொடுத்திருந்தால் டாக்கர் மறுத்துவிடும். கொடுக்காமல் பொதுத் தொகுப்பை நம்பியிருந்தால், ‘கெர்னலில் இவ்வசதி இல்லை, பொது விதிகள் இன்றி இயக்குகிறேன்’ என்று பதிவேட்டில் ஓர் எச்சரிக்கை எழுதிவிட்டு கன்டெய்னரைத் தொடங்கிவிடும்.

இதற்கும் நியாயம் உண்டு. பயனர் வெளிப்படையாகக் கேட்காத ஒன்று இல்லை என்பதற்காக அவருடைய வேலையை நிறுத்துவது சரியா என்று டாக்கரை உருவாக்கியவர்கள் எண்ணியிருக்கலாம். எனினும், அந்தப் பதிவேட்டை யார் படிக்கிறார்கள்? நூற்றுக்கணக்கான கணினிகளை நிர்வகிக்கும் இடத்தில், ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றின் பதிவேட்டை எவரும் புரட்டுவதில்லை. அது நின்றால்தான் புரட்டுவார்கள். ஆகவே, நிற்காமல் தரப்படும் எச்சரிக்கை பெரும்பாலும் யாருக்கும் சொல்லப்படாத எச்சரிக்கையாகவே முடிகிறது.

இதன் விலை 2022 ஜனவரியில் தெளிவாகத் தெரிந்தது. லினக்ஸ் கெர்னலில் சிவிஇ-2022-0185 என்று எண்ணிடப்பட்ட ஒரு பாதுகாப்புக் குறைபாடு வெளியானது. கோப்பு முறைமையை ஏற்றும் பகுதியில் நினைவக எல்லையைத் தவறாகக் கணக்கிட்டதால் விளைந்தது அது. கன்டெய்னருக்குள் இருப்பவர் அதைப் பயன்படுத்தி வெளியேறிவிட முடியும். ஆனால், அதற்கு முதலில் ‘அன்ஷேர்’ என்னும் அழைப்பின் மூலம் தனக்கெனத் தனி அதிகார வெளியொன்றை அவர் உருவாக்கிக்கொள்ள வேண்டும். டாக்கரின் பொது விதிகள் அந்த அழைப்பை அடைத்திருந்தன. அந்த விதிகளோடு ஓடிய கன்டெய்னர்களில் இந்த வழி மூடியிருந்தது.

ஆனால், கன்டெய்னர்களைப் பெரிய அளவில் நிர்வகிக்கும் ‘குபெர்னட்டீஸ்’ தளத்தில் நிலைமை வேறு. தனியாகக் கேட்டாலன்றி, வடிகட்டி எதுவும் இல்லாமல் கன்டெய்னரைத் தொடங்குவதே அதன் இயல்பான அமைப்பு. அதே கன்டெய்னர், அதே ரன்-சி, அதே கெர்னல். ஆனால், மூன்றாவது நிபந்தனை நிறைவேறவில்லை. விதிகளை யாரும் கொடுக்கவில்லை. நிரலகம் தனக்குச் சொல்லப்பட்டபடியே நடந்துகொண்டது. டாக்கரில் கிடைத்த காவல் இங்கும் இருக்கும் என்று எண்ணியவர்களுக்குத்தான் ஆபத்து. பொது விதிகளை எல்லாவற்றுக்கும் பொருத்தும் வசதி 2023-இல் வெளியான 1.27 பதிப்பில்தான் குபெர்னட்டீஸில் நிலைபெற்றது. அப்போதும் நிர்வாகி அதைத் தானே இயக்க வேண்டியிருந்தது.

பட்டியலில் புரியாத பெயர்

விதிகள் எழுதப்படும் முறையிலும் இதே சிக்கல் ஒளிந்திருக்கிறது. அழைப்புகளின் பெயர்ப்பட்டியலும், பட்டியலில் இல்லாதவற்றை என்ன செய்வது என்னும் பொது முடிவும் சேர்ந்ததே ஒரு விதித்தொகுப்பு. இரண்டு விதமாக அதை எழுதலாம். ‘இவற்றை மட்டும் அனுமதி, மற்றதை மறு’ என்பது ஒன்று. ‘இவற்றை மட்டும் மறு, மற்றதை அனுமதி’ என்பது மற்றொன்று.

பட்டியலில் உள்ள ஒரு பெயர் நிரலகத்துக்குத் தெரியாததாக இருந்தால்? எழுத்துப் பிழையாக இருக்கலாம்; பழைய நிரலகம் அறியாத புதிய அழைப்பாகவும் இருக்கலாம். ரன்-சி அந்தப் பெயரைப் புறக்கணித்துவிட்டு மேலே செல்லும். முதல் வகைப் பட்டியலில் இதனால் தீங்கில்லை. அனுமதிக்க வேண்டிய ஒன்று மறுக்கப்படும், நிரல் தடுமாறும், யாரேனும் கவனிப்பார்கள். இரண்டாவது வகையில் மறுக்க வேண்டிய ஒன்று ஓசையின்றி அனுமதிக்கப்பட்டுவிடும். ஒரே புறக்கணிப்பு ஓரிடத்தில் அசௌகரியமாகவும் மற்றோரிடத்தில் ஆபத்தாகவும் மாறுகிறது. டாக்கரின் பொதுத் தொகுப்பு முதல் வகையில் எழுதப்பட்டிருப்பதற்கு இது ஒரு வலுவான நியாயம். தனியாக விதி எழுதும் நிறுவனங்களும் முதல் வகையையே பின்பற்ற வேண்டும் என்பது என் கருத்து.

‘அனுமதி இல்லை’, ‘அப்படி ஒன்று இல்லை’

மறுப்பதிலும் வகைகள் உண்டு என்பதை 2021-இல் நடந்த ஒரு குழப்பம் உணர்த்தியது.

ஓர் அரசு அலுவலகச் சாளரத்தை எண்ணிப் பாருங்கள். புதிய படிவம் ஒன்றை நீட்டுகிறீர்கள். ‘இந்தப் படிவம் இன்னும் எங்களுக்கு வரவில்லை’ என்று எழுத்தர் சொன்னால், பழைய படிவத்தில் எழுதிக் கொடுப்பீர்கள். ‘உங்களுக்கு அனுமதி இல்லை’ என்று சொன்னால் வீடு திரும்பிவிடுவீர்கள். எழுத்தருக்கு இரண்டும் ஒன்றுபோலத் தோன்றலாம். உங்களுக்கு அப்படியல்ல.

லினக்ஸ் 5.8 பதிப்பில், ஒரு கோப்பை அணுக முடியுமா என்று கேட்கும் பழைய அழைப்புக்குத் துணையாகப் புதிய அழைப்பொன்று வந்தது. லினக்ஸ் நிரல்கள் பெரிதும் சார்ந்திருக்கும் ‘ஜி-லிப்-சி’ என்னும் அடிப்படை நிரலகம், 2021 பிப்ரவரியில் வெளியான 2.33 பதிப்பில் அதைப் பயன்படுத்தத் தொடங்கியது. ‘அப்படியொரு அழைப்பு இல்லை’ என்று கெர்னல் சொன்னால் பழைய வழிக்குத் திரும்பும் ஏற்பாடும் அதில் இருந்தது. பழைய கெர்னல்களோடு ஒத்துழைப்பதற்கான மரபான வழி அது.

ஆனால், நடுவில் வடிகட்டி நின்றது. பழைய விதிப்பட்டியலில் இந்தப் புதிய அழைப்பு இல்லை. பட்டியலில் இல்லாததை மறுப்பதே விதி. எனவே, ‘அனுமதி இல்லை’ என்று வடிகட்டி பதிலளித்தது. அடிப்படை நிரலகம் அதை உண்மை என்று ஏற்றுக்கொண்டு, பழைய வழியை முயலாமலேயே நின்றுவிட்டது. கண்முன் இருக்கும் கோப்புகளைக்கூட அணுக முடியவில்லை என்று நிரல்கள் முறையிட்டன. காரணம் புரியாத பலர் செய்தது என்ன? வடிகட்டியையே முழுவதுமாக அணைத்துவிட்டு வேலையைத் தொடர்ந்தார்கள். தவறாகச் சொல்லப்பட்ட ஒரு மறுப்பு, காவலையே வீட்டுக்கு அனுப்பும் நிலையை உண்டாக்கியது.

ரன்-சி கண்ட தீர்வு நேர்த்தியானது. அழைப்புகளுக்கு எண் உண்டு என்று முன்பே பார்த்தோம். பொதுவாகப் புதிய அழைப்புகள் பெரிய எண்களைப் பெறுகின்றன. விதித்தொகுப்பில் குறிப்பிடப்பட்ட மிகப் பெரிய எண்ணைக் காட்டிலும் பெரிய எண்ணோடு ஓர் அழைப்பு வந்தால், விதியை எழுதியவர் அதை அறிந்திருக்கவே இல்லை என்று கொள்ளலாம். அத்தகைய அழைப்புக்கு ‘அப்படி ஒன்று இல்லை’ என்று பதில் தரப்படும். அறிந்தே விலக்கியவற்றுக்கு மட்டும் ‘அனுமதி இல்லை’. இரண்டு நிலைகளிலும் அழைப்பு நிறைவேறாது. பாதுகாப்பில் எள்ளளவும் குறைவில்லை. மாறியது பதிலின் உண்மைத்தன்மை மட்டுமே. அந்த ஒரு மாற்றத்தால், இதன்பொருட்டுக் காவலை அணைக்க வேண்டிய தேவை நீங்கியது.

தெரியாது என்பதற்கும் ஓர் இடம்

2022-இல் வெளிவந்த ரன்-சி 1.1 பதிப்பில், தன்னிடம் என்னென்ன வசதிகள் உள்ளன என்பதைத் தானே பட்டியலிட்டுச் சொல்லும் கட்டளை சேர்க்கப்பட்டது. பின்னர் அதன் வடிவம் பொதுத் தரத்திலும் இடம்பெற்றது. வடிகட்டும் வசதி உண்டா என்பது அதில் ஒரு கேள்வி. இதற்கு ‘ஆம்’, ‘இல்லை’ என இரண்டு விடைகள் போதும் என்றுதான் எவரும் நினைப்பார். ஆனால், அந்தத் தரத்தில் மூன்று நிலைகள் உள்ளன. விடையே எழுதப்படாமல் வெறுமையாக விடப்பட்டிருந்தால், அதை ‘இல்லை’ என்று கொள்ளக் கூடாது, ‘தெரியாது’ என்றே கொள்ள வேண்டும் என்று மூலநிரலின் குறிப்பு வெளிப்படையாகக் கூறுகிறது. மேலும், இந்த விடை ரன்-சி எவ்வாறு தொகுக்கப்பட்டது என்பதைப் பற்றியதே தவிர, அந்தக் கணினியின் கெர்னலில் வசதி உண்டா என்பதைப் பற்றியதல்ல என்பதையும் தரம் தெளிவுபடுத்துகிறது.

தனக்குத் தெரிந்ததன் எல்லையை ஒரு நிரல் இப்படி வரைந்து காட்டுவது அரிது. மனிதர்களின் அமைப்புகளிலும் அது அரிதுதான்.

நாம் கேட்க வேண்டியது

வடிகட்டி எல்லா ஆபத்துகளையும் தடுத்துவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. 2022 மார்ச்சில் வெளியான ‘டர்ட்டி பைப்’ என்னும் குறைபாடு, பொது விதிகள் அனுமதிக்கும் சாதாரண அழைப்புகளைக் கொண்டே பயன்படுத்தப்படக்கூடியது. மேலும், அழைப்போடு வரும் எண்களை மட்டுமே வடிகட்டியால் பார்க்க முடியும். நினைவகத்தில் வேறோர் இடத்தில் வைக்கப்பட்டிருக்கும் விவரங்களை அதனால் எட்டிப் பார்க்க முடியாது. கெர்னலை உடனுக்குடன் புதுப்பிப்பதற்கு இது மாற்றாகாது. பல அடுக்குகளில் இது ஓர் அடுக்கு மட்டுமே.

ஆனால், ஓர் அடுக்கு இருக்கிறது என்று கணக்கில் கொண்டால், அது இருந்தாக வேண்டும். பொதுமக்களின் தரவுகளைக் கையாளும் மென்பொருளை வாங்கும்போதும் தணிக்கை செய்யும்போதும், ‘பாதுகாப்பு வசதி உள்ளதா’ என்று கேட்டு, ‘உள்ளது’ என்ற கட்டத்தில் குறியிட்டுவிட்டு நகர்வது வழக்கமாக இருக்கிறது. அந்தக் கேள்வி போதாது. கெர்னலில் உள்ளதா, நிரலகத்தில் உள்ளதா, விதிகள் தரப்பட்டனவா, இந்த நிமிடம் ஓடிக்கொண்டிருக்கும் நிரலுக்கு அவை பொருந்தியுள்ளனவா என்பவை நான்கு தனிக் கேள்விகள். கடைசிக் கேள்விக்கு ஆவணங்களைத் தேட வேண்டியதில்லை. லினக்ஸில் ஓடும் ஒவ்வொரு நிரலின் நிலைக்குறிப்பிலும் ‘செக்காம்ப்’ என்று ஒரு வரி உண்டு. அங்கே 2 என்றிருந்தால் வடிகட்டி பணியில் இருக்கிறது. 0 என்றிருந்தால் இல்லை. ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதைவிட அந்த ஒரு வரியே நம்பத்தக்கது. அதைக் கேட்டுப் பெறும் நிபந்தனையைக் கொள்முதல் விதிகளில் சேர்ப்பதற்குப் பெரும் செலவொன்றும் ஆகாது.

கேட்கப்படவில்லை, கேட்டும் தர இயலவில்லை, அறிந்தே மறுக்கப்பட்டது, அப்படியொன்று அறியப்படவே இல்லை, விடை தெரியாது என ‘இல்லை’க்குள் இத்தனை பொருள்கள் இருக்கின்றன. அவற்றைத் தனித்தனியே சொல்வதற்குச் சில வரி நிரல் போதுமாக இருந்தது. அந்த வரிகளை எழுதியவர்கள் பயனரின் நம்பிக்கையைப் பொருட்படுத்தினார்கள். நம்முடைய தரவுகளைக் காப்பதாகச் சொல்லும் ஒவ்வொரு நிறுவனத்திடமும் அதே தெளிவை எதிர்பார்க்கும் உரிமை நமக்கு உண்டு.